மடுவில் விழுந்தவனும் விறகுக் கயிறும்: கொத்மலைப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

சித்திரை வருடப்பிறப்பு லீவுக்கு கொழும்பிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த 22 வயது இளைஞன் ஒருவன், கொத்மலை ஓயாவில் போய்ச் சேரும் ஒரு கிளை ஆற்றின் மடுவில் மூழ்கப் போனான். கரையில் நின்றவர்கள் அவனை உயிரோடு இழுத்தெடுத்தார்கள். அன்று இரவே, வீட்டில், கம்பளிக்குள் படுத்திருந்த நேரத்தில் இன்னொரு தடவை உயிருக்குப் போராடினான். இந்த இரண்டாவது பாதியை ஊரில் யாரும் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. அதையும் சேர்த்து முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் தோட்டத்தையும் ஆஸ்பத்திரியையும் குறிப்பிடவில்லை. நான் தோட்டப் பகுதிகளில் முதலுதவி சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த இளைஞனோடும், அன்று கூட இருந்த பையன்களோடும், கயிறு எறிந்த பெரியம்மாவோடும் பேசி, அவர்களோடு மடுவுக்குப் போய் யார் எங்கே நின்றார்கள் என்று பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவனுக்கு நீச்சல் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த மடுவிலேயே குளித்து வளர்ந்தவன். ஆனால் அன்று அந்த நீச்சல் அவனுக்கு உதவவில்லை. கரையில் நின்ற ஒரு பெண் வேறு யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை, அவர் கையில் விறகு கட்டும் கயிறு இருந்தது. அதனால்தான் அவன் இன்று இருக்கிறான் என்பது என் முடிவு. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த மடு

லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தேயிலை மலை வழியாக இறங்கினால் ஆறு வளையும் இடத்தில் மடு இருக்கிறது. மேலே ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பாறையிலிருந்து விழும். விழும் இடத்தில் எப்போதும் வெள்ளை நுரை. அக்கரையில் பெரிய பாறை. அதன் அடிப்பக்கம் தண்ணீரால் குடையப்பட்டிருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் அந்தக் குடைவு கண்ணுக்குத் தெரியும். மடு முடியும் இடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கி, அப்புறம் கற்களில் மோதி வேகமாக இறங்குகிறது. இக்கரையில் துணி துவைக்கும் கற்கள், முழங்கால் அளவுத் தண்ணீர். பெண்களும் பிள்ளைகளும் குளிப்பது இங்கேதான்.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் லயத்துப் பீலியில் (தண்ணீர் பிடிக்கும் குழாயில்) தண்ணீர் நூலாகிவிடும். அப்போது குளிக்கவும் துவைக்கவும் எல்லோரும் ஆற்றுக்குத்தான் வருகிறார்கள். வேறு வழி கிடையாது. ஆகவே, "ஆத்துப் பக்கமே போகாதீங்க" என்று வெளியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. போகத்தான் போகிறார்கள். எப்படிப் போவது, போனால் கரையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் பேச வேண்டும்.

பழைய ஆட்களிடம் இதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உச்சி வேளைக்குப் பிறகு மடுவில் இறங்கக்கூடாது, கன்னிமார் இருக்கும் இடம் என்பார்கள். அக்கரைப் பாறைக்கு மேலே அவர்களுக்காக வைத்த கற்கள் இன்றும் இருக்கின்றன, மஞ்சள் குங்குமத்தோடு. இந்தக் கட்டுப்பாட்டை நான் மரியாதையோடு பார்க்கிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டில் இடியோடு மழை கொட்டுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். அந்த நேரத்தில் ஆட்களை மடுவிலிருந்து விலக்கி வைத்த வழக்கம் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அன்று நடந்தது

நான்கு பேர் போயிருந்தார்கள். அவன், அவனுடைய சித்தி மகன் (16 வயது), லயத்து நண்பர்கள் இருவர். சமைத்த சோறும், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன 5 லீற்றர் பிளாஸ்டிக் கேனும் கையில் இருந்தன. யாரும் குடித்திருக்கவில்லை. பின்னால் ஊரில் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி அதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

வந்தவுடன் ஒரு முறை குளித்தார்கள். சாப்பிட்டார்கள். பிறகு வெயிலில் சூடேறிய பாறையில் நெடுநேரம் படுத்துக் கிடந்தார்கள். மடுவில் நல்ல வெயில். ஆனால் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடிச் சத்தமும் தூரத்தில் கேட்டிருக்கிறது. இங்கே ஒரு துளி விழாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கவனித்தது சின்னவன்தான். கரையோரம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவன், தண்ணீரில் தேயிலைச் சருகும் சுள்ளியும் மிதந்து வருவதைப் பார்த்திருக்கிறான். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கத் தொடங்கியது. அவன் உட்கார்ந்திருந்த துவைகல்லின் மேல் தண்ணீர் ஏறியது.

"அண்ணே, தண்ணி நெறம் மாறுது. வாங்க போவோம்."

"இரு தம்பி, கடைசியா ஒரு தடவ குதிச்சிட்டு வந்துர்றேன்."

அக்கரைப் பாறையிலிருந்து குதித்தான். வழக்கமாக மேலே வரும் இடத்தில் அவன் வரவில்லை. நுரைக்குப் பக்கத்தில் தலை தெரிந்தது. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"உள்ள போன உடனே மூச்சு தானா இழுத்துக்கிச்சு. தண்ணியும் சேந்து உள்ளுக்கு போயிருச்சு. கைய போட்டேன், ஆனா மேல வர முடியல. கத்தணும்னு நெனச்சேன், சத்தம் வரல. கரையில அவனுங்க சிரிக்கிறது மட்டும் தெரிஞ்சுது."

நண்பர்கள் உண்மையிலேயே சிரித்திருக்கிறார்கள். அவன் விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. கைகளை உயர்த்தி ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. "அண்ணன் விளையாடல!" என்று சின்னவன் அலறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

அந்த அலறல் மேலே பாதையோரம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குக் கேட்டது. மலையில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். கட்டிய விறகை அப்படியே உருட்டிவிட்டு, கயிற்றை உருவிக்கொண்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார். அவர் வரும்போது நண்பர்களில் ஒருவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதிக்க நின்றான். அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"எறங்காதடா! தண்ணிக்கு ஒருத்தன் போதும்!"

வெறும் கயிற்றை எறிந்தார். காற்றில் சுருண்டு பாதியிலேயே விழுந்தது. சின்னவன் கேனைத் தூக்கிக் கொடுத்தான். அதைக் கயிற்று நுனியில் கட்டி எறிந்தார்கள். வெறும் கேன் பாரம் இல்லாததால் அதுவும் எட்டவில்லை. "கொஞ்சம் தண்ணி புடிடா அதுல" என்று பெரியம்மா சொல்ல, கால்வாசிக்கும் குறைவாகத் தண்ணீர் பிடித்து மூடியை இறுக்கி மறுபடி எறிந்தார்கள். இந்த முறை கேன் அவனைத் தாண்டி விழுந்தது. கயிறு அவன் தோளில் வந்து உரசியது. எப்படிப் பிடித்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை; கேனின் கைப்பிடிக்குள் முழங்கை வரை நுழைந்திருந்ததாகப் பையன்கள் சொல்கிறார்கள்.

பெரியம்மா ஒரு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, காலை அதில் முட்டுக்கொடுத்தார். நண்பர்கள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இழுக்கக்கூட அதிகம் தேவைப்படவில்லை. கயிறு இறுகியதும் ஆற்றின் வேகமே அவனை அரைவட்டமாகச் சுற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆறு ஒடுங்கும் இடத்துக்கு மிஞ்சியிருந்தது சில மீற்றர் தூரம்தான். ஒரு மணித்தியாலம் நடந்தது போல இருந்தது என்று சின்னவன் சொன்னான். அந்த இடத்திலேயே திரும்ப நடந்து பார்த்தபோது, குதித்ததிலிருந்து கரைக்கு வந்தது வரை இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் போயிருக்காது என்று எனக்குப் பட்டது.

தண்ணீர் அவனை எப்படிப் பிடித்தது

முதலில் குளிர். உடம்பு சூடாக இருக்கும்போது திடீரென்று குளிர்ந்த நீரில் விழுந்தால், நாம் விரும்பாமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுபடும். பிறகு கட்டுப்பாடில்லாமல் மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அந்த முதல் பெருமூச்சின்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். தண்ணீரின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே இது தொடங்குகிறது, 10 முதல் 15 பாகைக்குள் மிகக் கடுமையாக இருக்கிறது. மலைநாட்டு ஆறுகளின் குளிர் நமக்குத் தெரிந்ததுதான். பாறையில் நெடுநேரம் காய்ந்து கிடந்தவன், மேல் மலையில் அப்போதுதான் பெய்த மழைத் தண்ணீரில் குதித்திருக்கிறான்.

இந்த மூச்சுத் திணறல் முதல் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் நீந்தப் போராடக்கூடாது. மல்லாந்து, வாயும் மூக்கும் வெளியே இருக்கும்படி மிதக்க மட்டும் பார்க்க வேண்டும். மூச்சு சீரான பிறகுதான் கைகால் நம் சொல் கேட்கும். நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் இதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தவன் உடனே கையைப் போடத் தொடங்கிவிடுகிறான்.

இரண்டாவது, அந்த நுரை. நீர்வீழ்ச்சியின் அடியில் தண்ணீரும் காற்றும் கலந்திருக்கிறது. காற்று கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது. தெளிந்த தண்ணீரில் மிதக்கும் அதே ஆள் அங்கே தாழ்ந்து போவான். கையை வீசினாலும் பிடிப்புக் கிடைக்காது. "மேல வர முடியல" என்று அவன் சொன்னது இதைத்தான். டெவோன், சென் கிளையர் போன்ற பெரிய அருவிகளைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பெயரே இல்லாத, ஆள் உயர அருவியின் அடியிலும் இதே நுரைதான் இருக்கிறது.

மூன்றாவது, வேகம். ஓடும் தண்ணீர் உடம்பைத் தள்ளும் விசை அதன் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒரு கன மீற்றர் தண்ணீரின் எடை 1000 கிலோகிராம். அதனால்தான், காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சோப்புப் போட்ட ஆளை, பிற்பகலில் வேகமாக ஓடும் முழங்கால் அளவுத் தண்ணீர்கூடச் சாய்த்துவிடுகிறது. அப்படிச் சாய்த்தால் எழுந்து நிற்க முயல்வது ஆபத்து. கற்களுக்கு நடுவே பாதம் மாட்டிக்கொண்டால் தண்ணீர் முதுகில் ஏறி ஆளை முகம் குப்புற அமுக்கிவிடும். காலை ஆறு போகும் பக்கம் நீட்டி, மல்லாந்து, பாதங்களைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, கரைப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வர வேண்டும். வேகம் குறைந்த இடம் வந்த பிறகுதான் எழும்பலாம்.

நான்காவதாக, எல்லாவற்றையும் தொடக்கி வைத்த மழை. அந்த ஆற்றின் தலை, மடுவிலிருந்து பார்த்தால் தெரியாத முகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மலை செங்குத்து, தூரம் குறைவு. தேயிலை மலைகளில் மண் அரிக்காமல் இருக்க வெட்டிய கான்கள் (வடிகால்கள்) மழைத் தண்ணீரைச் சேர்த்து நேரே ஆற்றில் கொண்டுபோய் விடுகின்றன. ஆகவே மேலே கொட்டிய மழை கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது. மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் வெளுத்துக் கிடக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். நம் பிள்ளைகள் கொழும்பிலிருந்து லீவில் வருவதும், தீபாவளிக்கு வீடு நிறைவதும் இதே மாதங்களில்தான்.

தண்ணீர் நிறம் மாறுவது, சருகும் சுள்ளியும் வருவது, ஆற்றின் சத்தம் கனப்பது, கரைக்கல் நனைவது என்று இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த நொடியே மேலேறிவிட வேண்டும். சாமானை எடுக்கக்கூட நிற்க வேண்டாம். நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பெருமழையில் மேல் கொத்மலை, லக்சபான, கெனியன் போன்ற நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழாற்றில் தண்ணீர் சட்டென்று ஏறும். சைரன் கேட்டால் அதுவும் மேலேறு என்பதற்கான கட்டளைதான்.

அவன் ஏன் கத்தவில்லை என்று அவனுடைய அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். மூச்சு எடுப்பதற்கே வாய் போதாதபோது கத்த முடியாது. கைகளும் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து, தண்ணீரைக் கீழே அழுத்தி வாயை மேலே தூக்கத்தான் பார்க்கும். உயர்த்தி ஆட்ட வராது. ஒரு பெரிய ஆள்கூட இந்த நிலையில் 20 முதல் 60 வினாடிதான் தண்ணீர் மட்டத்தில் இருப்பார். பக்கத்தில் பத்துப் பேர் இருந்தும் ஒரு பிள்ளை மூழ்கிப்போவது இப்படித்தான். தண்ணீரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் அது ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் நின்றவர்கள்

சட்டையைக் கழற்றிய அந்த நண்பனின் மனதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட வளர்ந்தவன் கண்முன்னே போகிறான். யாருக்கும் குதிக்கத்தான் தோன்றும். ஆனால் மூழ்குபவன் தன்னிடம் வருபவனைக் காப்பாற்ற வந்தவனாகப் பார்க்கும் நிலையில் இல்லை. கைக்குக் கிடைத்ததன் மேல் ஏறி மூச்சு விடத்தான் பார்ப்பான். ஒரே மடுவில் அண்ணன் தம்பி இருவரும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து போன செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம். அன்று அந்த நண்பன் குதித்திருந்தால், கயிறு எறியும்போது தண்ணீரில் இரண்டு பேர் இருந்திருப்பார்கள், கரையில் பிடிக்க ஓர் ஆள் குறைந்திருப்பான்.

கம்பு நீட்டலாம், கயிறு எறியலாம், மிதக்கும் சாமானைத் தள்ளிவிடலாம். மூடிய வெறும் கேன், காற்றடைத்த பந்து, டயர் டியூப், எல்லாமே உதவும். எதுவும் இல்லாவிட்டால் சேலை இருக்கிறது. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில், கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசித்தான் மீட்டார்கள். அங்கே இருவர் இறந்துபோனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து செய்யும் உதவி எல்லோரையும் காப்பாற்றும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் இறப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டாது.

கயிறு எறிபவர் அதைத் தன் இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றக்கூடாது; தண்ணீர் இழுத்தால் அவரும் போய்விடுவார். பெரியம்மா செய்தது போல உட்கார்ந்து, காலை முட்டுக்கொடுத்து, இன்னொருவர் பின்னால் பிடிக்க வேண்டும். ஆளைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "மலையில வெறகுக் கட்ட கயித்துல இறக்குவோம் தம்பி, அது மாதிரிதான்" என்றார்.

கரைக்கு வந்த பிறகு

உதடு நீலமாக இருந்தது. வாயில் நுரை. இருமினான், மூச்சு வந்துகொண்டிருந்தது. அதற்குள் லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் வயிற்றை அமுக்கத் தொடங்கினார். இன்னொருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னார். உள்ளே போன தண்ணீரை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊர்களில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றில் இருக்கும் தண்ணீரும் சோறும்தான். அது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் அமுக்கி வராது. அவனும் வாந்தி எடுத்தான். பாடசாலையில் முதலுதவி படித்திருந்த சின்னவன் அந்த நேரத்தில் அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்தது நல்லதாகப் போயிற்று.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியை நீக்கிப் போர்த்திவிட வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்க முடியாது. மூளைக்கு ஒட்சிசன் நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சுக் கொடுக்க வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம் இறங்கும்படி 30 அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி 30 அழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். மாரடைப்புக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூழ்கியவருக்கு அது போதாது. அவருக்கு முதலில் நின்றது மூச்சு. அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு கிடையாது.

அன்று யாரும் 1990க்கு அழைக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போவோம்" என்றான். நடந்தே மேலேறினான். பாட்டி திருநீறு போட்டு, கையில் கறுப்பு நூல் கட்டினார். சீனி போட்ட பிளேன்ரீ குடித்தான். எல்லோரும் நிம்மதியானார்கள்.

அந்த இரவு

இருட்டியதும் இருமல் கூடியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, இன்னொரு கம்பளி போர்த்தினார்கள். நேரம் போகப் போக பேச்சு துண்டு துண்டாக வந்தது. துப்பியதில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. பக்கத்து லயத்திலிருந்து பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்யும் அக்காவைக் கூட்டி வந்தார்கள். அவர் உதட்டையும் நகத்தையும் பார்த்தார், நெஞ்சு எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். "இது தடிமன் இல்ல. இப்பவே 1990க்கு எடுங்க" என்றார். தோட்டப் பாதை மோசம் என்பதால், காத்திருக்காமல் ஆட்டோவில் உட்கார்த்தியபடியே பிரதான வீதி வரை கொண்டுபோனார்கள். அம்புலன்ஸ் அங்கே வந்து ஏற்றிக்கொண்டது. வழியிலேயே ஒட்சிசன் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு ஒட்சிசன் கொடுத்தார்கள். விடியும்போது மூச்சு வாங்குவது தணியத் தொடங்கியது. சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நுரையீரலில் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் உள்பக்கம் ஒரு மெல்லிய வழுவழுப்பான படலம் பூசியிருக்கிறது. அறைகள் சுருங்கி ஒட்டிப்போகாமல் காப்பது அதுதான். உள்ளே போகும் தண்ணீர், கொஞ்சமாக இருந்தாலும், அந்தப் படலத்தைக் கெடுத்துவிடும். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும், இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உள்ளே நிரம்பும். இது ஒரே நொடியில் நடப்பதில்லை, மணிக்கணக்கில் மெல்ல வளரும். பகலில் நடந்து போனவன் இரவில் மூச்சுக்குத் தவித்தது இதனால்தான். மடுவில் தொடங்கிய அதே காயம் நெஞ்சுக்குள் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

ஆகவே தண்ணீருக்குள் தத்தளித்து மீண்டவர், இருமுகிறாரா, நுரை துப்பினாரா, கொஞ்ச நேரமாவது நினைவு தடுமாறினாரா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமாக ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நேரம் முழுதும் ஓர் அறிகுறியும் இல்லாமல் மூச்சும் ஒட்சிசன் அளவும் சரியாக இருந்தவர், அதன் பிறகு இதே காரணத்தால் திடீரென்று மோசமாவதில்லை. குளிக்கும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து இருமிய பிள்ளைக்காகப் பல நாள் பயந்து கிடக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், இந்த நிகழ்வில் மிகவும் பயங்கரமான நேரம் மடுவில் போன அந்த இரண்டு மூன்று நிமிடங்களைவிட, இருட்டியதிலிருந்து அந்த அக்கா வரும் வரை போன நேரம்தான். மடுவில் எல்லோருக்கும் ஆபத்து தெரிந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது அங்கே

சம்பவத்துக்குப் பிறகு தோட்டத்தில் கூட்டம் போட்டார்கள். மடுவுக்குப் போகும் பாதையை முள்வேலி போட்டு அடைத்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளையைப் பெற்றவர்களின் பயம் அது, புரிகிறது. ஆனால் பீலியில் தண்ணீர் இல்லாத மாதத்தில் அந்த வேலி எத்தனை நாள் நிற்கும்? வேலி உடைந்த இடத்தில் பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தெரியாமல் இறங்குவார்கள். அப்போது கரையில் யாரும் இருக்க மாட்டார்கள். இதைத்தான் நான் அங்கே சொன்னேன். பெரியம்மாவும் எழுந்து, "வேலிக்கு குடுக்குற காச கயித்துக்கு குடுங்க" என்றார்.

இப்போது மடுவோரத்து மரத்தில் 20 மீற்றர் நீளத்தில் கயிறு ஒன்று தொங்குகிறது. நீலநிற பொலிப்புரொப்பிலீன் கயிறு, அது மிதக்கும். நைலோன் கயிறு தாழ்ந்துபோகும், தும்புக் கயிறு நனைந்தால் கனத்துவிடும். நுனியில் மூடி இறுக்கிய 5 லீற்றர் கேன், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. அக்கரைப் பாறையிலிருந்து குதிப்பதை இளைஞர்களே நிறுத்தியிருக்கிறார்கள். அடிக்குடைவைத் தண்ணீர் வற்றிய நேரத்தில் அழைத்துப்போய்க் காட்டினோம். ஒரு முறை பார்த்தவன் மறுபடி அங்கே குதிக்க நினைப்பதில்லை. முகட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் மழை கொட்டினால் அங்குள்ள சொந்தக்காரர்கள் இங்கே போன் பண்ணிச் சொல்லும் பழக்கமும் வந்திருக்கிறது. இது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, சின்னவனின் அம்மா தன் தங்கச்சிக்குச் சொல்லி வைத்ததில் தொடங்கியது.

நடக்காத வேலையும் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைகள் முறையாக நீச்சல் பழகுவதற்கு இடம் மிகக் குறைவு. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் பழக்குவதை அந்த அமைப்பு முக்கிய வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. நம் ஆறுகளில் குளித்து வளரும் பிள்ளைக்கு மல்லாந்து மிதக்கவாவது பழக்கிவிட வேண்டும். அதற்கு நீச்சல் தடாகம் கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வெயில் காலத்தில், இக்கரைப் பக்கத்து முழங்கால் தண்ணீரில், ஒரு பெரியவர் கையை முதுகுக்கடியில் வைத்துப் பழக்கலாம்.

அவன் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். மூச்சு இப்போது சரியாக இருக்கிறது. முகத்தில் தண்ணீர் ஊற்றும்போது சில நேரம் நெஞ்சு படபடப்பதாகச் சொன்னான். இப்படி மீண்டவர்களுக்கு இது வருவதுண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை, நீடித்தால் டொக்டரிடம் சொல் என்றேன். தீபாவளிக்கு வரும்போது தன் செலவில் இன்னொரு கயிறு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அது ஒடுங்கும் பாறைகளுக்குக் கொஞ்சம் மேலே, ஆட்கள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் கட்டுவதற்கு. கேனைப் பெரியம்மா ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார்.